மீட்டர் காட்டும் வேகம் உண்மையா? ஜிபிஎஸ் வைத்து நாமே பார்த்துவிடலாம்

காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முள் 100-ல் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஃபோனில் மேப்பைத் திறந்து வைத்திருக்கிறார். அதன் மூலையில் 94 என்று இருக்கிறது. "உங்க மீட்டர் தப்பா காட்டுது போலிருக்கே" என்கிறார். புதிதாகக் கார் வாங்கிய பலரும் இந்த இடத்தில்தான் முதல்முறையாகச் சந்தேகப்படுகிறார்கள். நேரே சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சண்டை போடுகிறவர்களும் உண்டு.

அப்படிப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது பெரும்பாலும் கோளாறு அல்ல, வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். நாம் கண்டுபிடிக்க வேண்டியது எவ்வளவு கூடுதல், எல்லா வேகத்திலும் ஒரே மாதிரியா, எங்காவது குறைத்துக் காட்டுகிறதா என்பதுதான். இதற்கு ஃபோன் ஒன்று, நல்ல ரோடு ஒன்று, கூட வர ஒருவர், அரை மணி நேரம் போதும்.

மீட்டர் ஏன் கூட்டிச் சொல்கிறது

காருக்கு ரோடு கண்ணுக்குத் தெரியாது. சக்கரமோ கியர்பாக்ஸின் தண்டோ எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர் என்று கம்பெனியில் எழுதி வைத்த கணக்கால் பெருக்கி வேகத்தைச் சொல்கிறது. 1902-ல் ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்சே காப்புரிமை பெற்ற காந்த மீட்டரும் இதைத்தான் செய்தது: கேபிள் சுற்ற, அதன் முனையில் காந்தம் சுற்ற, அந்தக் காந்தம் ஒரு உலோகக் கிண்ணத்தை இழுக்க, முள் நகரும். இன்று கேபிளுக்குப் பதில் சென்சாரும் சிப்பும் வந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை சக்கரத்தின் சுற்றுதான்.

அந்தச் சுற்றின் நீளமோ ஒரே மாதிரி இருப்பதில்லை. டயர் தேயும், டயர் கம்பெனிக்குக் கம்பெனி அளவு சற்று மாறும், பாரம் ஏறினால் கொஞ்சம் அமுங்கும். இத்தனைக்கும் நடுவில் மீட்டர் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக்கூடாது என்று பல நாடுகள் பின்பற்றும் ஒரு விதி இருக்கிறது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39-ஆம் எண் விதி அது. கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. உண்மை வேகத்தில் பத்து சதவீதம், அதோடு 4 கி.மீ. அதாவது உண்மையில் மணிக்கு 40 கி.மீ. போகும்போது மீட்டர் 48 வரை காட்டலாம். 80-க்கு 92, 120-க்கு 136.

குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டினால் பரவாயில்லை என்றால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? பாதுகாப்பாகச் சில கிலோமீட்டரைச் சேர்த்தே வைத்துவிடுவார். நீங்கள் பார்த்த 100-க்கு 94 என்பது அந்த வகைதான்.

ஜிபிஎஸ்ஸை எவ்வளவு நம்பலாம்

"ஜிபிஎஸ்ஸே அஞ்சு மீட்டர் தள்ளித்தானே காட்டும், அதை வச்சு எப்படி மீட்டரைத் திருத்துறது?" நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு, வேகத்தைக் கண்டுபிடிப்பது வேறு.

ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் சற்றுத் தடித்தும் கேட்கும் அல்லவா? டாப்ளர் விளைவு என்பார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, நம் ஃபோன் கேட்கும் முக்கிய அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். செயற்கைக்கோளும் நகர்கிறது, நாமும் நகர்கிறோம் என்பதால் ஃபோனுக்கு வந்து சேரும்போது அந்த அலைவரிசை துளி மாறியிருக்கும். செயற்கைக்கோள் எப்படி நகர்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். அந்தப் பங்கைக் கழித்தால் மிச்சம் நம்முடைய வேகம். இடம் ஐந்து மீட்டர் தள்ளித் தெரிந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாகக் கெடாது. திறந்த வானத்தின் கீழ், சீரான வேகத்தில், நல்ல ரிசீவரின் பிழை மணிக்கு அரை கிலோமீட்டர் அளவுக்குள் அடங்கிவிடும். நம் வேலைக்கு இது தாராளம்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் மீது இன்றும் சிலருக்கு இருக்கும் அவநம்பிக்கை அந்தக் காலத்தின் மிச்சமாக இருக்கலாம். இப்போது பல ஃபோன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு, மற்றவர்களின் அதே மாதிரியான செயற்கைக்கோள் அமைப்புகளான குளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன.

ஜிபிஎஸ் சறுக்கும் இடங்களும் உண்டு. சுரங்கப்பாதை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, அடர்ந்த மரங்களுக்குக் கீழே. அதைவிட முக்கியமானது, ஜிபிஎஸ் எண் கொஞ்சம் தாமதமாக வரும். பெரும்பாலான ஃபோன்கள் நொடிக்கு ஒருமுறைதான் கணக்கைப் புதுப்பிக்கும். எண் துள்ளாமல் இருக்கச் செயலி அதைச் சராசரியும் எடுக்கும்.

நான் முதல்முறை பார்த்தபோது இதில்தான் மாட்டினேன். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே, முள் 80-ஐத் தொட்ட நொடியில் ஃபோனைப் பார்த்தேன். 71! ஒன்பது கிலோமீட்டர் வித்தியாசம் என்று பதறி மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேகம் ஏறிக்கிட்டிருக்கும்போது பார்த்தீங்களா, ஒரே வேகத்துல நிதானமா பிடிச்சு வச்சுப் பார்த்தீங்களா?" 60-லிருந்து 80-க்கு எட்டு நொடியில் ஏறினால், நொடிக்கு இரண்டரை கிலோமீட்டர் கூடுகிறது. ஃபோன் இரண்டு நொடி பின்தங்கினாலே ஐந்து கிலோமீட்டர் பொய் வித்தியாசம் சேர்ந்துவிடும். மறுநாள் சீராக ஓட்டிப் பார்த்தேன், 75.

கிளம்பும் முன்

டயரில் காற்றை, கார் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் சூடாகாதபோது நிரப்புங்கள். அப்புறம் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்; 185/65 ஆர்15 என்பதுபோல் இருக்கும். அது கார் கையேட்டில் சொன்ன அளவுதானா என்று ஒப்பிடுங்கள். பழைய கார் வாங்கியவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். முந்தைய ஓனர் என்ன டயர் மாட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஃபோனில் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டும் ஏதாவது ஒரு ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் செயலி போதும். தசமப் புள்ளிக்குப் பிறகும் ஒரு எண் காட்டினால் நல்லது. கூகுள் மேப்ஸ், வேஸ் இரண்டிலும் வேகம் தெரியும் என்றாலும், அதற்கென்றே இருக்கும் சில செயலிகளில் எத்தனை செயற்கைக்கோள் பிடித்திருக்கிறது என்பதும் தெரியும். இருப்பிட அனுமதியில் துல்லியமான இருப்பிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அலகு மணிக்குக் கிலோமீட்டரா என்று பாருங்கள். மைலில் இருந்தால் உடனே தெரிந்துவிடும். படகோட்டிகளுக்கான செயலி என்றால் 'நாட்' (knot) என்ற கடல்வழி வேக அலகில் காட்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: காரோடு வந்த நேவிகேஷன் திரையை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். சுரங்கப்பாதைக்குள் சிக்னல் போனாலும் வழிகாட்ட வேண்டும் என்பதற்காக அதில் பல, சக்கர சென்சாரின் தகவலையும் கலந்துகொள்ளும். சக்கரத்தைச் சந்தேகப்பட்டு அந்தச் சக்கரத்திடமே சாட்சி கேட்ட கதையாகிவிடும். அதே காரணத்துக்காக ஃபோனையும் கார் திரையோடு இணைக்காமல் தனியாக வையுங்கள்.

ஃபோனை முன்கண்ணாடிக்கு அருகே ஸ்டாண்டில் பொருத்துங்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி சில கார்களில் இருக்கும். அது சிக்னலையும் தடுக்கும். அப்படிப்பட்ட கண்ணாடியில் பூச்சு இல்லாமல் விட்ட ஒரு சிறு பகுதி, பெரும்பாலும் பின்பக்கம் பார்க்க உள்ளே மாட்டியிருக்கும் கண்ணாடிக்குப் பின்னால், இருக்கும். திறந்த வெளியில் காரை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, நிற்கும்போது வேகம் 0 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரோட்டில்

நேரான, கூட்டமில்லாத, வானம் திறந்திருக்கும் ரோடு வேண்டும். ஏற்ற இறக்கம் பற்றிப் பலர் எச்சரிப்பார்கள். ஜிபிஎஸ் கிடைமட்ட வேகத்தைத்தான் காட்டும், சரிவில் பிழை வரும் என்பது வாதம். கணக்குப் போட்டால் அது ஒன்றுமே இல்லை. 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் ரோட்டில் 100 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 0.1 கி.மீ. வித்தியாசம் வரும், அவ்வளவுதான். சரிவில் உண்மையான சிக்கல் வேகத்தைச் சீராகப் பிடிக்க முடியாததுதான்; சமதளம் தேடுவதும் அதற்காகத்தான்.

ஓட்டுபவர் ஃபோனைப் பார்க்கக் கூடாது. இதில் சலுகையே கிடையாது. எண்ணைப் படிக்கவும் எழுதவும் இன்னொருவர் வேண்டும். ஆனால் மீட்டரை அந்த இன்னொருவர் படிக்கக் கூடாது! முள் மீட்டரைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் முள்ளுக்கும் எண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளியால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் தெரியும். "மீட்டர்ல 83 இருக்கே" என்று பக்கத்து இருக்கையிலிருந்து வரும் புகாரில் பாதி இந்தக் கோணத்தால் வருவது. எனவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முள்ளை ஓட்டுபவர் பார்க்கட்டும், ஃபோனை மற்றவர் பார்க்கட்டும்.

முதலில் 40. முள் சரியாக 40-ன் மேல் நின்றதும் அப்படியே 15, 20 நொடி பிடியுங்கள். ஃபோன் எண் அசையாமல் நிற்கத் தொடங்கியதை மற்றவர் சொன்னதும், ஓட்டுபவர் "இப்போ" என்று சொல்ல, மற்றவர் ஃபோனில் உள்ளதை எழுத வேண்டும். இதையே மூன்று முறை செய்யுங்கள். பிறகு 60, 80. சட்டம் அனுமதிக்கும் ரோடு என்றால் 100. அதற்கு மேல் சோதனைக்காக ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தைப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் வேலை பாதியாகும். 80-ல் செட் செய்துவிட்டு, முள்ளோ எண்ணோ உண்மையில் 80-ல்தான் நிற்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எண்ணில் வேகம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் என்றால் கோணப் பிரச்சினை இல்லை. ஆனால் அது முழு எண்தான் காட்டும். 80 என்பது 80.1-ஆகவும் இருக்கலாம், 80.9-ஆகவும் இருக்கலாம். எண் 79-லிருந்து 80-க்கு மாறும் விளிம்பில் பிடித்தால் இந்தச் சந்தேகம் குறையும்.

போன வழியிலேயே திரும்பி வந்தும் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். காற்று, சரிவு இரண்டையும் ஈடுகட்ட என்பார்கள். நாம் அளப்பது காரின் திறனை அல்ல, இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் சொல்லும் எண்களை. அதனால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கவலையில்லை.

கூட வர ஆள் இல்லையா? பயணத்தைப் பதிவுசெய்யும் ஜிபிஎஸ் செயலியை ஓடவிட்டு ஃபோனைத் தொடாமல் ஓட்டுங்கள். குரூஸில் 40-ல் அரை நிமிடம், 60-ல் அரை நிமிடம், 80-ல் அரை நிமிடம். வீட்டுக்கு வந்து வேக வரைபடத்தைத் திறந்தால் மாடிப்படி போல மூன்று தட்டைப் பகுதிகள் தெரியும். ஒவ்வொரு படியின் உயரமும் ஒரு அளவு. சொல்லப்போனால் எனக்கு இந்த முறைதான் அதிகம் பிடிக்கும். "இப்போ" சொன்ன நேரம் முன்னே பின்னே போனதா என்ற சண்டைக்கே இடமில்லை.

எண்களைப் படிப்பது

சரி, கையில் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று வையுங்கள்:

மீட்டர் 40, ஜிபிஎஸ் 37
மீட்டர் 60, ஜிபிஎஸ் 56
மீட்டர் 80, ஜிபிஎஸ் 75
மீட்டர் 100, ஜிபிஎஸ் 94

வித்தியாசம் 3, 4, 5, 6. வேகம் கூடக் கூட வித்தியாசமும் கூடுகிறது. ஆனால் விகிதப்படி கூடவில்லை. விகிதப்படி என்றால் 40-ல் 3 இருந்தால் 80-ல் 6 வந்திருக்க வேண்டும். ஆக இங்கே இரண்டு பங்குகள் கலந்திருக்கின்றன: எல்லா வேகத்திலும் சேரும் 1 கி.மீ. ஒன்று, மீட்டர் காட்டும் வேகத்தில் 5 சதவீதம் இன்னொன்று. நல்ல நிலையில் இருக்கும் கார்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய வடிவம் இது.

எல்லா வேகத்திலும் ஒரே 3 கி.மீ. என்றால் கம்பெனியே சேர்த்து வைத்தது, அல்லது முள் தன் அச்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கார் நிற்கும்போது முள் 0-ல் சரியாக நிற்கிறதா பாருங்கள், விடை கிடைக்கும். வித்தியாசம் சுத்தமாக விகிதப்படி மாறினால், 40-க்கு 38, 80-க்கு 76 என்று வந்தால், டயரின் சுற்றளவைப் பாருங்கள். ஒருமுறை 3, ஒருமுறை 8, இன்னொருமுறை 1 என்று தாறுமாறாக வந்தால் மீட்டரைக் குறைசொல்லும் முன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வேகம் சீராக இருந்திருக்காது, இல்லாவிட்டால் வானம் மறைந்திருக்கும். கேபிள் வைத்த பழைய காரில் முள்ளே நடுங்கினால் கேபிளையும் பார்க்க வேண்டும்.

டயர் கணக்கு

இந்த ஒரு கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டால் டயர் கடைக்காரர் சொல்வதை எடைபோட முடியும். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120.25 மி.மீ.; ரிம்மின் விட்டம் 15 அங்குலம், 381 மி.மீ. சுவர் மேலும் கீழுமாக இரண்டு முறை வரும். மொத்த விட்டம் 621.5 மி.மீ.

புது டயரில் பள்ளம் 8 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டு, 1.6 வரை தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மி.மீ. குறையும். சுமார் 2 சதவீதம். தேய்ந்த டயர் அதிகம் சுற்றும், மீட்டர் அதற்கேற்பக் கூடுதலாகக் காட்டும். அதே கார், புது டயர் மாட்டிய அன்று மீட்டர் 100 காட்டும்போது ஜிபிஎஸ் 94-க்குப் பதில் 96 காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அளவு மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். 195/60 ஆர்15 மாட்டினால் விட்டம் 615. ஒரு சதவீதம்தான் சிறியது, பிரச்சினை இல்லை. 195/65 என்றால் 634.5, இரண்டு சதவீதம் பெரியது. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று 205/70 மாட்டினால் 668. ஏழரை சதவீதம்! முன்பு மீட்டர் 100 காட்டியபோது உண்மையில் 94 போனவர் இப்போது 101 போய்க்கொண்டிருப்பார். மீட்டர் சேர்த்து வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளி மொத்தமும் காலி. அபராத ரசீது வந்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பயனில்லை.

காற்று குறைந்தாலும் இதே அளவு பிழை வருமா என்று கேட்பார்கள். ரேடியல் டயரில் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையின் நீளம் மாறுவதில்லை, ஆகவே சுற்றளவு சொற்பமாகத்தான் மாறும். காற்றைச் சரிபார்க்கச் சொன்னது பெரும்பாலும் பாதுகாப்புக்காகத்தான்.

ஸ்டாப்வாட்ச் சாட்சி

ஜிபிஎஸ்ஸே வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. சாலையோரக் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே ஆகும் நேரத்தை எண்ணுவது. 3600-ஐ நொடியால் வகுத்தால் வேகம்: ஒரு கிலோமீட்டருக்கு 60 நொடி என்றால் 60, 45 என்றால் 80, 36 என்றால் 100. ஒரு கிலோமீட்டரோடு நிறுத்தினால் ஒரு நொடி பிசகுக்கே 100-ல் கிட்டத்தட்ட 3 கி.மீ. அடிபடும். ஐந்து கிலோமீட்டர் எடுத்தால் அது அரை கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும். கடிகாரத்தை அழுத்துவது பக்கத்தில் இருப்பவர் வேலை.

அதே ஐந்து கிலோமீட்டரில், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரையும் பாருங்கள். வேகத்தை 6 சதவீதம் கூட்டிச் சொல்லும் கார், தூரத்தைச் சரியாகவே சொல்லக்கூடும். கூடுதல் சேர்ப்பது பல கார்களில் முள்ளுக்கு மட்டும்தான். ஆகவே "மீட்டர் 6 சதவீதம் அதிகம் காட்டுது, அப்போ மைலேஜும் 6 சதவீதம் பொய்" என்று உடனே முடிவுகட்ட முடியாது. காரின் கோளாறுகளைப் பார்க்க மெக்கானிக் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் செருகக்கூடிய சிறிய கருவி வைத்திருப்பவர்கள், காரின் கம்ப்யூட்டர் சொல்லும் வேகத்தைப் பார்த்தால் இது புரியும். பல கார்களில் அது முள்ளைவிட ஜிபிஎஸ்ஸுக்கு நெருக்கமாக இருக்கும்.

அடுத்து என்ன

மீட்டர் ஜிபிஎஸ்ஸைவிடக் கூடுதலாக, மேலே சொன்ன வரம்புக்குள் காட்டினால் ஒன்றும் செய்ய வேண்டாம். வரம்பைத் தாண்டினால், அல்லது ஒரே ஒரு வேகத்திலாவது மீட்டர் ஜிபிஎஸ்ஸைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைவாகக் காட்டினால், வேறொரு ஃபோனை வைத்து இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள். அதே விடை வந்தால் முதலில் டயர் அளவு. அளவு சரியாக இருந்தும் குறைத்துக் காட்டினால் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். "மீட்டர் தப்பு" என்று பொதுவாகச் சொல்லாமல் எழுதி வைத்த பட்டியலைக் கையில் கொடுங்கள். நீங்களே மீட்டரைக் கழற்றி முள்ளைத் திருப்பி வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பட்டியலில் தேதியையும், டயர் அளவையும், அன்றைக்கு டயர் பள்ளத்தின் ஆழத்தையும் ஒரு வரி எழுதி, கையேட்டுக்குள் மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை டயர் மாற்றியதும் 80-ல் ஒரே ஒரு அளவு எடுத்து அதோடு ஒப்பிட்டால் போதும்.